சம்பந்தி மேசையில இன்னொரு நாற்காலி

தம்பி,

பத்து நாளா நீ போன் பண்ணும்போதெல்லாம் அம்மா எடுத்து, அப்பா குளிக்கிறாரு, அப்பா கடைக்குப் போயிருக்காரு, அப்பா இப்பத்தான் படுத்தாருன்னு சொல்றாளே, அத்தனையும் பொய். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அப்படிச் சொல்லச் சொன்னதும் நான்தான். என் வாய் ஒரு பக்கமா கோணிக்கிட்டு இருக்கு. 'ப'ன்னு சொல்லணும்னா உதடு ரெண்டும் ஒட்டணும், எனக்குப் பாதி உதடுதான் ஒட்டுது, மீதி வழியா காத்து போயிடுது. அப்பா பேசுறேன்னு சொல்லக்கூட வரலை. அதைக் கேட்டா நீ ஸ்ட்ரோக்குன்னு நெனச்சு கோலாலம்பூர்லேர்ந்து காரை மிதிச்சுக்கிட்டு வருவே. ஸ்ட்ரோக் இல்லை, டாக்டர் பாத்துச் சொல்லிட்டாரு. கையும் காலும் நல்லாத்தான் இருக்கு. கை நல்லா இருக்கறதாலதான் எழுதுறேன்.

ஆனா என் வாயைப் பத்திச் சொல்றதுக்காக இதை எழுத உக்காரலை. போன வியாழக்கிழமை நீ அம்மாகிட்ட கல்யாணச் சாப்பாட்டைப் பத்திப் பேசினே. போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு, எனக்கும் கேட்டுச்சு. ஹாலுக்கு நடுவுல சம்பந்தி மேசைன்னு ஒண்ணு போடுறோம்னு சொன்னே. நீ, மருமக, அவங்க அப்பா அம்மா, அவ அண்ணன், அப்புறம் நான். மொத்தம் ஆறு நாற்காலி. "உங்களுக்குப் போடலைம்மா, நீங்க எப்படியும் உக்கார மாட்டீங்க, எல்லாரும் எழுந்த பிறகுதானே சாப்பிடுவீங்க. பாகான் டத்தோவுல பொண்ணோட அம்மா, அத்தைகிட்ட சொன்னேன், இந்தக் காலத்துல இப்படியும் ஒரு அம்மாவான்னு அசந்து போயிட்டாங்க"ன்னு சொன்னே. பெருமையாத்தான் சொன்னே. அம்மா "சரிப்பா"ன்னா. போனை வச்சிட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டா.

தம்பி, உங்கம்மா அப்படிப்பட்டவ இல்லை. அவளுக்கு எல்லாரோடவும் உக்காந்து, கதை பேசிக்கிட்டே சாப்பிடத்தான் பிடிக்கும். அவளை மேசையிலேர்ந்து எழுப்பி விட்டவன் நான். இது தெரியாம நீ அந்தப் பிள்ளை கழுத்துல தாலி கட்டக்கூடாது. கல்யாணத்துக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. அந்த நாற்காலி விஷயத்தை நீதான் முடிவு பண்ணணும். அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுறேன். கோர்வையா எழுத எனக்கு வராது, முன்னப் பின்ன இருந்தா பொறுத்துக்கோ.

முதல்ல எனக்கு நடந்தது. வாய் கோணறதுக்கு முந்தின ரெண்டு நாளா வலது காதுக்குப் பின்னால ஒரு வலி. தலகாணி சரியில்லைன்னு நெனச்சேன். அன்னிக்குக் காலையில கோப்பி குடிக்கிறேன், பாதி உள்ள போகுது, பாதி சட்டையில வழியுது. அடுப்பாண்ட நின்ன அம்மா திரும்பிப் பாத்தா. ஒரு நிமிஷம் அப்படியே பாத்தா. அடுப்பை அணைச்சிட்டு எதிர்ல வந்து உக்காந்து, "எங்க, சிரிங்க"ன்னா. நான் முழிச்சேன். "நெத்தியச் சுருக்குங்க. ரெண்டு கையும் தூக்குங்க. என் விரலைப் புடிச்சு அமுக்குங்க." எல்லாம் பண்ணேன். கை ரெண்டும் மேல போச்சு. நெத்தியில ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்துச்சு, மறுபக்கம் இஸ்திரி போட்ட மாதிரி இருந்துச்சாம். "வலது கண்ணு மூட மாட்டேங்குது, அது தெரியுதா உங்களுக்கு?"ன்னு கேட்டா. எனக்குத் தெரியலை. மூடிட்டதாத்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன்.

கார் சாவியை எடுத்துட்டா. இருபது வருஷத்துக்கு மேல ஜெலாப்பாங் ஃபேக்டரிகளுக்கு ஆள் ஏத்துற பஸ் ஓட்டுனவன் நான், அவ ஓட்டப் பக்கத்துல பொம்மை மாதிரி உக்காந்து போனேன். நாற்பது வயசுல அவ லைசென்ஸ் எடுக்கறேன்னப்ப, உனக்கு எதுக்குடி இந்த சூசா, இந்தத் தொல்லைன்னு கிண்டல் பண்ணவனும் நான்தான். கிளினிக்குல டாக்டரம்மா சின்னப் பொண்ணு. எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டாங்க. "ஒரு மணி நேரமாச்சு, காதுக்குப் பின்னால வலி ரெண்டு நாளா"ன்னு அம்மா சொன்னா. டாக்டரம்மா காதுக்குள்ள லைட் அடிச்சுக் கொப்புளம் இருக்கான்னு பாத்தாங்க, சர்க்கரை பாத்தாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாங்க, அங்கயும் பாத்தாங்க. ரெண்டு இடத்துலயும் ஒரே பேச்சுதான். மூளையிலேர்ந்து முகத்துக்கு வர்ற நரம்பு காதுக்குப் பின்னால எலும்புக்குள்ள ஒரு ஒடுங்கின பொந்து வழியா வருதாம். ஏதோ வைரஸ் கிருமியில அந்த நரம்பு வீங்கிடுதாம். வீங்கினா பொந்துக்குள்ள நசுங்கி, முகத்துக்குச் சேதி போறது நின்னு போகுதாம். இன்னாருக்கு வரும், இன்னாருக்கு வராதுன்னு சொல்ல முடியாது, சர்க்கரை உள்ளவங்களுக்குக் கொஞ்சம் கூட வருமாம். வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு மாத்திரை. அதை மூணு நாளைக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்ல பலன். மூடாத கண்ணு காஞ்சு புண்ணாகாம இருக்கப் பகல்ல சொட்டு மருந்து, படுக்கும்போது களிம்பு போட்டு டேப் ஒட்டணும்.

"நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க ஆன்ட்டி, அங்கிளுக்குப் பெரும்பாலும் முழுசா சரியாயிடும்"னு டாக்டரம்மா சொன்னாங்க. அம்மா தலையாட்டுனா. வர்ற வழியில, சிக்னல்ல நிக்கும்போது, என் மடியில கிடந்த மருந்துப் பையை எடுத்துத் திறந்து, சொட்டு மருந்து இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கிட்டா. அவ என்னைத் திட்டியிருக்கலாம். "இருபத்து மூணு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு இப்படி ஆனப்ப நீங்க என்ன பண்ணீங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலை. எனக்கும் ஒண்ணும் தோணலை. முகம் மரத்துப் போனா உள்ளயும் மரத்துப் போகுமான்னு தெரியலை. வெயிலு, ரோடு, முன்னால ஒரு லாரி, அதெல்லாம் பாத்துக்கிட்டு வந்தேன். அன்னியிலேர்ந்து அப்படியேதான் இருக்கேன். இதை எழுதும்போதும் அப்படித்தான்.

அப்ப உனக்கு ஆறு வயசு. நாம இருந்த எஸ்டேட் தோட்டத்தை வித்து, லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, நாம ஈப்போவுக்கு வந்து இந்தத் தாமான்ல, இந்தக் குடியிருப்புல வாடகைக்கு இருந்தோம். பஸ் லைசென்ஸ் கிடைச்சு எனக்கு வேலையும் கிடைச்சிருந்துச்சு. லைசென்ஸ் கிடைச்சா கிடா வெட்டுறேன்னு தோட்டத்து முனியாண்டிக்கு நேந்திருந்தேன். வேலை கிடைச்ச சந்தோஷத்துல அதை மறந்துட்டேன். மறந்துட்டேன்னு சொல்றதும் பொய், தள்ளிப் போட்டேன். ஒரு ஞாயித்துக்கெழமை தோட்டத்துல ஒரு காதுகுத்துக்குப் போனோம். உங்கம்மா தலைக்குக் குளிச்சிட்டு, ஈரம் காயட்டும்னு முடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு, உச்சி வெயில்ல முனியாண்டி மரத்தடி வழியா நடந்தா. நான் பின்னால உன்னைத் தூக்கிக்கிட்டு வந்தேன். அடுத்த செவ்வாக்கெழமை காதுக்குப் பின்னால வலிக்குதுன்னா. தைலம் தேய்ன்னேன். புதன்கிழமை காலையில வாய் கொப்பளிக்கும்போது தண்ணி ஒரு பக்கமா பீச்சிட்டு அடிச்சுது. திரும்பி என்னைப் பாத்தா. இடது பக்கம் மூஞ்சி தொங்கிப் போய், கண்ணு ஒண்ணு தொறந்தபடியே இருந்துச்சு.

அவ சொன்ன முதல் வார்த்தை, "கிளினிக்குக்குப் போலாங்க." தெளிவாச் சொன்னா. கிளினிக் நம்ம வீட்டுலேர்ந்து நடந்து போற தூரம். நான் என்ன பண்ணேன் தெரியுமா? கதவைச் சாத்தினேன். அக்கம்பக்கம் யாரும் பாக்கக்கூடாதுன்னு ஜன்னல் திரையையும் இழுத்து விட்டேன். தோட்டத்துல வளந்தவனுக்கு அது என்னன்னு சந்தேகமே இல்லை. முனி அறைஞ்சிருச்சு. கிடா குடுக்காத என்னை விட்டுட்டு, விரிச்ச தலையோட போனவளை அறைஞ்சிருச்சு. நாங்க சின்னதுலேர்ந்து கேட்டு வளந்தது அதுதான், வாய் கோணினா முனி அறை. ஊசி போட்டா சாமி குத்தம் கூடும்னு வேற சொல்லுவாங்க. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு, பூசை போட்டா எறங்கிடும்"னு அவகிட்ட சொன்னேன். "ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் பூசை போடலாம்ங்க"ன்னா. கத்தினேன். என்ன கத்தினேன்னு எழுத மாட்டேன். "சரி"ன்னா.

புதன், வியாழன், வெள்ளி. எண்ணிப் பாரு, அந்த மூணு நாள்தான். நான் அதைப் பூசாரியைத் தேடுறதுலயும் கிடா பாக்குறதுலயும் போக்கினேன்.

வெள்ளிக்கிழமை முனியாண்டி மரத்தடியில உருமி மேளம் வச்சோம். மேளத்தை அவ காதாண்ட கொண்டு போய் அடிச்சாங்க. அவ இடது காதைப் பொத்திக்கிட்டுச் சுருண்டா. காது கிழியுதுங்க, நிறுத்தச் சொல்லுங்கன்னு என்னைப் பாத்துக் கெஞ்சினா. பூசாரி சிரிச்சாரு. "பாத்தியாப்பா, உருமிச் சத்தத்துக்கு முனி நடுங்குது"ன்னாரு. சுத்தி நின்னவங்க எல்லாம் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நானும் போட்டுக்கிட்டேன். இன்னும் வேகமா அடிக்கச் சொன்னதும் நான்தான். பின்னால ஆஸ்பத்திரியில சொன்னாங்க, காதுக்குள்ள சத்தத்தை மட்டுப்படுத்துற ஒரு குட்டித் தசை இருக்காம், அதையும் அதே நரம்புதான் பாத்துக்குதாம். நரம்பு செத்துக் கிடந்தா சின்னச் சத்தமும் இடி மாதிரி கேக்குமாம். அவளுக்கு வலிச்சிருக்கு, தம்பி. வலிக்குதுன்னு சொன்னதை நாங்க முனி பேசுதுன்னு எடுத்துக்கிட்டோம்.

பூசாரி கை நிறைய விபூதி அள்ளி மூஞ்சியில அடிச்சாரு. வலது கண்ணை மூடிக்கிட்டா. இடது கண்ணை எப்படி மூடுவா? அப்படியே உள்ள போச்சு. மூணு வெள்ளிக்கிழமை வரணும்னு சொன்னாங்க. வீட்டுக்கு வந்து நடுவுல வேற வைத்தியமும் பாத்தேன். பாசார்ல மீன் விக்கிற சீன அங்கிள் விலாங்கு ரத்தம் பூசச் சொன்னாரு, பூசினேன். நாத்தம் தாங்காம நீ வாசல்ல போய் உக்காந்துக்கிட்டே. ரெண்டாவது வெள்ளி முடிஞ்சு ஞாயித்துக்கெழமை கண்ணு ரத்தமா செவந்து வெள்ளை பூத்துப் போச்சு. அப்பத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பன்னெண்டாவது நாள்.

கண்ணைக் காப்பாத்திட்டாங்க, இன்னிக்கும் அதுல ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு இருக்கும், நீ பாத்திருப்பே. முகத்தைப் பாத்த டாக்டர் ஒரு தமிழர், வயசானவர். "முதல் மூணு நாள்ல ஏன்ப்பா வரலை?"ன்னு கேட்டாரு. அம்மாதான் பதில் சொன்னா, "வீட்டுல பிள்ளைக்குக் காய்ச்சல் டாக்டர்"னு. உனக்குக் காய்ச்சலே இல்லை. முன்னமே வந்திருந்தா முழுசா சரியாயிருக்குமான்னு நான் கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாது, மருந்து இல்லாமலே தேறுறவங்களும் உண்டு, மருந்து குடுத்தும் தேறாதவங்களும் உண்டு. வாய்ப்பு கூடியிருக்கும்"னாரு. அந்த 'சொல்ல முடியாது' இருக்கு பாரு, அதுக்குள்ளதான் நான் இத்தனை வருஷமும் ஒளிஞ்சுக்கிட்டிருந்தேன்.

அவ முகம் திரும்பி வந்துச்சு. நாலஞ்சு மாசம் ஆச்சு. ஆஸ்பத்திரியில பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க, கண்ணாடி முன்னால நின்னு புருவத்தைத் தூக்கணும், மூக்கைச் சுருக்கணும், ஈன்னு பல்லைக் காட்டணும், மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா. அவ குளியலறைக் கண்ணாடியில தனியா பண்ணுவா. ஒரு நாள் கதவு தொறந்திருந்துச்சு, பாத்துட்டு, "என்ன பைத்தியம் புடிச்சிருச்சா"ன்னு கேட்டுட்டு வேலைக்குப் போயிட்டேன். அப்புறம் அவ கதவைத் தாப்பா போட்டுக்கிட்டுப் பண்ணா.

முகம் வந்துச்சு, ஆனா நரம்பு வளரும்போது தடம் மாறி வளந்துடுச்சு. சிரிச்சா இடது கண்ணு தானா மூடிக்கும். அதோட போயிருந்தா பரவாயில்லை. எச்சில் ஊறுறதுக்குப் போக வேண்டிய நரம்பு கண்ணீர் சுரக்கிற இடத்துக்குப் போயிடுச்சாம். பஸ்ஸுல வயர் மாத்திக் குடுத்தா ஹாரன் அமுக்கும்போது வைப்பர் ஓடும், நான் பாத்திருக்கேன், அந்த மாதிரி. சோத்தை வாயில வச்சதும் இடது கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டும். மனசுல ஒண்ணும் இல்லாமலே கொட்டும். மென்னு முழுங்கற வரைக்கும் கொட்டும்.

தீபாவளிக்கு என் முதலாளி, பஸ் கம்பெனிக்காரர், பொண்டாட்டியோட வீட்டுக்கு வந்தாரு. அம்மா ஆசையா சமைச்சு, எங்களோடயே உக்காந்தா. அவ ரெண்டு வாய் சாப்பிட்டதும் கண்ணுல தண்ணி ஓடுது. முதலாளி பொண்டாட்டி சாப்பாட்டை நிறுத்திட்டு, "ஏம்மா, வீட்டுல ஏதும் பிரச்சனையா?"ன்னு கேட்டு என்னை ஒரு பார்வை பாத்தாங்க. குடிச்சிட்டு அடிக்கிறவனைப் பாக்குற பார்வை. எனக்கு அவமானமாப் போச்சு. அவங்க போன பிறகு சமையக்கட்டுல போய், "இனிமே வீட்டுக்கு ஆள் வந்தா நீ எங்களோட உக்காராதே, பின்னால சாப்பிட்டுக்கோ"ன்னேன். தட்டு கழுவிக்கிட்டிருந்தா. திரும்பாமலே "சரி"ன்னா.

ஆள் வந்தா மட்டும்னுதான் சொன்னேன். ஆனா நீயும் சின்னப் பிள்ளை, தினம் சாப்பாட்டுல உக்காந்ததும், அம்மா ஏன் அழுறீங்கன்னு கேப்பே. காரம்டான்னு சொல்லுவா. சோறும் தயிரும் சாப்பிடும்போதும் அழுவுறீங்களேன்னு கேட்டு, நீயும் அழுது, தட்டைத் தள்ளி விடுவே. அதுக்கப்புறம் அவ நம்ம ரெண்டு பேரோடவும் உக்காரலை. நாம சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையக்கட்டுல, செவுத்தைப் பாத்து உக்காந்து சாப்பிடுவா. நான் ஒரு தடவைகூட வா உக்காருன்னு கூப்பிடலை. எனக்கு அது வசதியா இருந்துச்சு. உண்மையைச் சொல்லணும்னா அதுதான் உண்மை. அந்தக் கண்ணீரைப் பாத்தா எனக்கு உருமிச் சத்தம் கேக்கும். பாக்கலைன்னா கேக்காது.

உனக்குப் பதினாறு வயசுல அவளோட சண்டை போட்டியே, ஞாபகம் இருக்கா? "நீங்க என்ன இந்த வீட்டு வேலைக்காரியா, எங்களோட உக்காந்து சாப்பிட்டா என்ன, எந்தக் காலத்துல இருக்கீங்க"ன்னு கத்தினே. அவ சிரிச்சா. சிரிக்கும்போது இடது கண்ணு மூடிக்கிச்சு. "எனக்கு இதுதான்டா பழக்கம்"னா. நான் உனக்கு எதிர்ல உக்காந்து கோழிக்கறியைக் கடிச்சுக்கிட்டிருந்தேன். அப்ப வாயைத் திறந்திருக்கலாம். திறக்கலை. அப்புறம் நீ பெரியவனாகி, அதையே பெருமையா எடுத்துக்கிட்டே. அவ வெக்கத்தை நீ அவ குணம்னு நெனச்சுட்டே. இப்ப பாகான் டத்தோ வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்திருக்கே. நாளைக்கு அந்தப் பிள்ளையும் நம்ம வீட்டுல, மாமியார் மாதிரி நாமளும் பின்னாலதான் சாப்பிடணும் போலன்னு நெனச்சுச் சமையக்கட்டுல நிக்கும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கணும். போடலை. ஆனா இது தப்புன்னு மட்டும் தெரியுது.

உனக்கு அறிவுரை சொல்ற யோக்கியதை எனக்குக் கிடையாது. ஆனாலும் ரெண்டு விஷயம் எழுதி வைக்கிறேன். யாருக்காவது திடீர்னு வாய் கோணினா, நேரம் பாக்காம டாக்டர்கிட்ட போ. ஸ்ட்ரோக்கா இல்லையான்னு நீயா முடிவு பண்ணாதே, அவங்க பாத்துச் சொல்லட்டும். கண்ணைக் காய விடாதே, தூசி விழ விடாதே. சூடு வைக்கிறேன், உருவி விடுறேன், அடிச்சு எழுப்புறேன்னு வர்றவன் யாரையும் கிட்ட சேக்காதே. சாமி கும்பிடணும்னா மாத்திரையை முழுங்கிட்டுக் கும்பிடு, முனியாண்டி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. இன்னொண்ணு, உன் பொண்டாட்டி ஒரு விஷயத்துக்குச் "சரி"ன்னு சொன்னா அதோட விட்டுடாதே. திரும்பிக் கேளு. உங்கம்மா என்கிட்ட சொன்ன சரியெல்லாம் நான் அப்படியே எடுத்துக்கிட்டேன். அதுல ஒண்ணுகூடச் சரியில்லை.

இப்ப தினம் காலையில அம்மா எனக்கு எதிர்ல நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கறா. எனக்குக் கண்ணாடி வேண்டியதில்லை, அவ முகமே கண்ணாடி. புருவத்தைத் தூக்குங்க, மூக்கைச் சுருக்குங்க, அவசரப்படாதீங்க, ரொம்ப இழுக்காதீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுவா. அவளுக்கு அந்த வரிசை மனப்பாடம். படுக்கும்போது என் கண்ணுக்கு டேப் ஒட்டி, ஓரத்தை விரலால நீவி விடுவா. அவளுக்கு அப்ப யார் ஒட்டி விட்டாங்கன்னு நெனச்சுப் பாத்தேன். யாரும் இல்லை.

முந்தாநாள் என் வாயோரம் கொஞ்சூண்டு அசைஞ்சுச்சு. எனக்குத் தெரியலை, அவதான் பாத்தா. "வந்துருச்சுங்க, வந்துருச்சு"ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டா. அவ்வளவு சந்தோஷம் அவ முகத்துல. சிரிச்சா, அந்த இடது கண்ணு மூடிக்கிச்சு. என் முகம் வந்துடும், தம்பி. டாக்டரம்மாவும் அதேதான் சொல்றாங்க. கல்யாண போட்டோவுல நான் ஒழுங்கா இருப்பேன். அவ ஒரு மணி நேரத்துல கூட்டிட்டுப் போனதால வந்துடும்.

அன்னிக்கு மத்தியானம் நான் என் தட்டை எடுத்துக்கிட்டுச் சமையக்கட்டுக்குப் போனேன். அவ பலகை மேல செவுத்தைப் பாத்து உக்காந்திருந்தா. நானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தேன். "என்னங்க, உப்பு பத்தலையா?"ன்னு எழுந்தா. இல்லை, சாப்பிடுன்னேன். அவ ரொம்ப நேரம் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தா. அப்புறம் ஒரு வாய் வச்சா. கண்ணுலேர்ந்து தண்ணி வந்துச்சு. தட்டுக்குப் பக்கத்துல எப்பவும் ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும், கை துடைக்கன்னு இத்தனை வருஷமா நெனச்சிருந்தேன், அதை எடுத்துக் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. என் வாயோரத்துல ரசம் ஒழுகுச்சு. அதே துண்டை என் பக்கம் நீட்டினா. அப்பவாவது எனக்கு அழுகை வரும்னு பாத்தேன். வரலை. சாப்பிட்டு முடிச்சு ரெண்டு தட்டையும் நான் கழுவினேன்.

இப்ப நாற்காலி விஷயத்துக்கு வாரேன். மேசையில அம்மாவுக்கும் ஒண்ணு போடச் சொல்லி நானே சொல்லலாம். நான் சொன்னா அவ வந்து உக்காருவா, தம்பி, மறுபேச்சு பேச மாட்டா. நான் சொன்னதாலதான் எழுந்து போனா, இப்ப நான் சொன்னதால வந்து உக்காரவும் வேணாம். அதனால நீ கேளு. வீட்டுக்கு வா, போன்ல வேணாம். இந்தக் கடுதாசியைப் பத்தி ஒண்ணும் சொல்லாதே, எங்களோட உக்காருறீங்களாம்மான்னு மட்டும் கேளு. அவ பழக்கமில்லைப்பான்னு சொல்லுவா. திரும்பிக் கேளு. மருமககிட்டயும் அவ அப்பா அம்மாகிட்டயும் முன்கூட்டியே சொல்லி வை, எங்கம்மா சாப்பிடும்போது கண்ணுல தண்ணி வரும், அது நரம்பு, யாரும் சாப்பாட்டை நிறுத்திட்டு என்னன்னு கேக்காதீங்கன்னு. ஏன் அப்படி ஆச்சுன்னு அவங்க கேட்டா, எங்கப்பாவாலன்னு சொல்லு. காய்ச்சல்னு சொல்லாதே.

ஏழாவது நாற்காலியைப் போடு. எவ்வளவு கேட்டும் அவ மாட்டேன்னா, அவளைக் கட்டாயப்படுத்தாதே. அவ நாற்காலியோட என் நாற்காலியையும் எடுத்துடு. சம்பந்தி கேட்டா ஏதாவது சொல்லிக்கோ. மண்டபத்துச் சமையக்கட்டுல, செவுத்தோரமா, ரெண்டு இலை போடச் சொல்லு.

அப்பா